வாளும் கணக்கேடும்

இல்லாத நாடுகளைப் படைப்பதில் மனிதனுக்குள்ள ஆர்வம் மிகப் பழையது. அவ்வாறு படைக்க முனைவோர் பெரும்பாலும் ஒரு தீவையே தேர்ந்தெடுக்கக் காண்கிறோம். நிலப்பரப்பின் நடுவே ஒரு நாட்டைக் கற்பித்தால் அதன் அண்டை நாடு எது, அங்கே செல்லும் வழி எது, வணிகம் யாரோடு என்றெல்லாம் விடை சொல்லியாக வேண்டும். நாற்புறமும் கடலை வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அலைகளுக்கு உள்ளே அரசனையும் வைக்கலாம், அரக்கனையும் வைக்கலாம். கேட்பாரும் இல்லை, சரிபார்ப்பாரும் இல்லை.

மேலை நாட்டாரின் இத்தகைய கற்பனைகளுக்கு முந்நூறு ஆண்டுகளாக இடங்கொடுத்து வந்த நாடு ஜப்பான். 1704ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், ஜார்ஜ் சால்மனாசர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் பார்மோசாத் தீவைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டான். தான் அத்தீவில் பிறந்தவன் என்றான். அத்தீவு ஜப்பானியப் பேரரசருக்கு அடங்கியது என்றான். அதற்கென ஓர் எழுத்துமுறையையும் தானே படைத்துக் காட்டினான். உண்மையில் அவன் கீழ்த்திசைப் பக்கம் காலடி வைத்தவனே அல்லன். ஆயினும் கற்றோர் பலர் சில காலம் அவனை நம்பினர். 1726இல் ஜோனதன் ஸ்விப்ட் எழுதிய கலிவரின் பயணக் கதையில், பறக்கும் தீவுக்கும் சாகாத மனிதர் வாழும் தீவுக்கும் அடுத்தபடியாகக் கதைத்தலைவன் சென்று சேரும் இடம் ஜப்பான். 1985இல் வெளிவந்த 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டு நூலில் கொசகுரா, வா என்று இரண்டு தீவு நாடுகள் வருகின்றன. இரண்டும் ஜப்பானின் சாயலில் வார்க்கப்பட்டவை. 'வா' என்பது பழங்காலத்தில் சீனர் ஜப்பானுக்கு இட்டு வழங்கிய பெயரே ஆகும். 2002இல் லியான் ஹெர்ன் என்னும் புனைபெயரில் ஓர் ஆஸ்திரேலிய எழுத்தாளர் தொடங்கிய நாவல் வரிசையும் இத்தகைய ஒரு கற்பனை நாட்டில்தான் நடக்கிறது.

ஜப்பானுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு? 1630களில் அந்நாடு தன் கதவுகளை அடைத்துக்கொண்டது. ஐரோப்பியருள் டச்சு வணிகர் மட்டுமே நாகசாகித் துறைமுகத்தில், தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில், காவலுக்குள் தங்கி வணிகம் செய்ய இசைவு பெற்றனர். இந்த நிலை 1850கள் வரை நீடித்தது. தெருவில் ஒரு வீடு மட்டும் எப்போதும் கதவடைத்துக் கிடந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவே கதை கட்டும் அல்லவா? இதுவும் அதுபோல்தான்.

இவையெல்லாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தருக்கு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் என் மகன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேசை எங்களுக்குச் சொந்தமன்று. அது ஒரு பேரரசுக்குச் சொந்தம். அவனும் நண்பர் நால்வரும் அதைச் சுற்றி அமர்வார்கள். ஒருவன் வங்காளி, ஒருவன் மலையாளி, ஒருத்தி பஞ்சாபி, இன்னொருவன் இமாசலத்துப் பிள்ளை. பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டியபடி, ஆளுக்கொரு வீரனாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு கதை வளர்ப்பதுதான் விளையாட்டு. நான் மேலே சொன்ன நூல்களையெல்லாம் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டுத் தமக்கென்று ஒரு தீவுப் பேரரசைத் தாமே அவர்கள் படைத்திருக்கிறார்கள். அதற்கு இட்ட பெயரை வெளியே சொல்லக் கூடாதென்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். ஆகவே இங்கே அதை எழுதவில்லை.

அந்தப் பேரரசின் வரைபடத்தைக் கண்டு வியந்தேன் என்பது உண்மை. பெரிய சார்ட் தாளில் கடலுக்கு நீலமும் மலைக்குப் பழுப்பும் தீட்டியிருந்தார்கள். ஐந்து குலங்கள், ஐந்து கோட்டைகள், வடக்கு மலையில் பேய்கள், நடுவே யாரும் கண்ணால் காணாத ஒரு பேரரசர். வீரர்களின் ஒவ்வொரு வாளுக்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் 'மானப் புள்ளி' என்று ஒன்று உண்டு. தலைவனுக்காக உயிர் கொடுத்தால் அது ஏறும், பின்வாங்கினால் இறங்கும். ஒருநாள் நான் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது மகன் விளையாட்டாகக் கேட்டான்: "அப்பா, நீங்க இந்த நாட்டுல பிறந்திருந்தா என்னவா இருந்திருப்பீங்க?"

"வேறென்ன? குமாஸ்தாவாத்தான் இருந்திருப்பேன்" என்றேன்.

"அப்படி ஒரு பாத்திரமே இதுல கிடையாதேப்பா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஓர் ஐயம் மட்டும் என் நெஞ்சில் தங்கியது. ஐந்து கோட்டைகளில் இத்தனை ஆயிரம் வீரர்கள் இருக்கிறார்களே, இவர்களுக்கு நாள்தோறும் சோறு போடுவது யார்? அந்த நெல்லை அளந்தது யார்? அளந்ததை எழுதி வைத்தது யார்? அலுவலகப் பழக்கம் அப்படிக் கேட்க வைத்தது. பல சனிக்கிழமைகளை நூலகத்தில் கழித்து, கற்பனைத் தீவுகளுக்கு மூலமான அந்த உண்மை நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஏற்பட்ட வியப்பைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

1600ஆம் ஆண்டில் செகிகஹரா என்னுமிடத்தில் நடந்த பெரும்போரில் தொகுகவா இயெயாசு வெற்றி பெற்றார். 1603இல் 'ஷோகன்' என்னும் படைத்தலைமைப் பட்டம் பெற்று, இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரிலிருந்து ஆளத் தொடங்கினார். 1615இல் ஒசாகாக் கோட்டை வீழ்ந்தது. 1637-38இல் ஷிமபாராவில் மூண்ட கிளர்ச்சியைத் தவிர்த்தால், அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் பெரும்போர் என்பதே இல்லை. பேரரசர் கியோத்தோவில் பெயரளவில் வீற்றிருந்தார். 'தைமியோ' எனப்பட்ட சிற்றரசர் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தத்தம் நாடுகளை ஆண்டனர். அவர்களுக்குக் கீழே இடுப்பில் இரண்டு வாள் செருகிய 'சாமுராய்' மறவர்கள் இருந்தனர்.

இங்கேதான் கதையின் திருப்பம். போர் இல்லாத நாட்டில் போர்மறவனுக்கு என்ன வேலை? சாமுராய்கள் அலுவலகத்துக்குப் போனார்கள் என்பதே வரலாறு தரும் விடை. களஞ்சியம் காத்தல், காடு காத்தல், சாலை பேணுதல், கோயிற்பதிவுகளைச் சரிபார்த்தல், வழக்கு விசாரித்தல், வரி கணக்கிடுதல் ஆகியவை அவர்களின் தொழிலாயின. அசாஹி புன்சயெமொன் என்ற சாமுராய் ஒருவர் நாகோயா நகரில் வாழ்ந்தார். அவர் வகித்த பதவி என்ன தெரியுமா? கோட்டையில் விரிக்கும் பாய்களுக்குப் பொறுப்பான அதிகாரி! 1717 வரை ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. குடி, நாடகம், ஊர் வம்பு, வீட்டுச் சச்சரவு எல்லாம் அதில் உண்டு. போர்க்களம் மட்டும் இல்லை.

வீர மரணத்தைப் போற்றும் ஜப்பானிய நூல்களுள் பெயர்பெற்றது 'ஹகக்குரே'. கற்பனைப் பேரரசுகளில் வரும் மானம், சாவு பற்றிய பேச்சுக்கெல்லாம் ஊற்றுக்கண் அதுவே எனலாம். அந்நூலுக்குரிய கருத்துகளைச் சொன்ன யமமொத்தோ ட்சுனெத்தொமோ 1659இல் பிறந்தவர். போரே நடவாத காலத்தில், ஒரு சிற்றரசரிடம் எழுத்துப் பணியாற்றியவர். தலைவர் 1700இல் இறந்தபோது தாமும் உடன் மாய்வதற்கு அவருக்கு வழியில்லை. உடன்மாய்தல் அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அவர் துறவு பூண்டு குடிலில் அமர்ந்து, இளைஞர் ஒருவருக்குச் சொல்லிய சொற்களே நூலாயின. சாவைப் பற்றி அத்தனை ஆவேசமாகப் பேசியவர் வாழ்நாள் முழுவதும் கையாண்டது தூரிகையைத்தான்.

அந்நாட்டின் ஊதிய முறை நமக்கு நன்கு விளங்கக்கூடியது. எல்லாம் அரிசிக் கணக்கு. 'கோக்கு' என்பது அவர்களின் அளவை. ஏறத்தாழ நூற்றெண்பது லிட்டர், அதாவது நூற்றைம்பது கிலோ அரிசி. ஓர் ஆள் ஓராண்டு உண்பதற்கு இது போதும் என்பது கணிப்பு. பதினாயிரம் கோக்கு விளையும் நிலத்துக்கு உரியவரே தைமியோ எனப்படுவார். காகா நாட்டு மயேதா குலத்தாருக்கோ பத்து இலட்சம் கோக்குக்கு மேல். ஷோகனிடம் பணிபுரிந்த சிறிய சாமுராய்களுக்கு ஆண்டுக்கு மூன்று தவணையாக அரிசி அளந்தார்கள். அந்த அரிசியை அப்படியே கொண்டு துணி வாங்க முடியாது. வாடகை கொடுக்க முடியாது. எனவே எதோ நகரின் அசகுசாக் களஞ்சியத்தை ஒட்டி 'புதசாஷி' எனப்பட்ட தரகர்கள் கடை விரித்தனர். அரிசியைக் காசாக்கித் தருவதில் தொடங்கியவர்கள், வரப்போகும் அரிசியை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதில் வளர்ந்தார்கள். இரண்டு வாள் செருகியவர் தராசு பிடித்தவரின் கடை வாசலில் காத்து நின்றார். நிலைமை முற்றி, 1789இல் அரசே தலையிட்டுப் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. மாதக் கடைசியில் கூட்டுறவுச் சங்கத்துக் கடன் மனுவை நிரப்புகிற நம்மவர் யாரும் அந்தச் சாமுராயை அயலான் என்று கருதமாட்டார்.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோருக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1635இல் மூன்றாம் ஷோகனான இயெமித்சு ஒரு விதியைச் சட்டமாக்கினார். தைமியோக்கள் பொதுவாக ஓராண்டு தம் நாட்டிலும் மறு ஆண்டு எதோவிலும் மாறி மாறி வாழ வேண்டும். அவர்களின் மனைவியும் வாரிசும் எப்போதும் எதோவிலேயே இருக்க வேண்டும். கிளர்ச்சி செய்யத் துணியாதிருக்கக் குடும்பமே பிணை. சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. எதோவுக்குள் வரும் துப்பாக்கிகளையும் எதோவை விட்டு வெளியேறும் பெண்களையும் அங்கே கூர்ந்து சோதித்தார்கள். துப்பாக்கி வந்தாலும் கலகம். மனைவி தப்பினாலும் கலகம் என்பது அவர்கள் கணக்கு. இந்த விதி தளர்த்தப்பட்டது 1862இல்தான்.

தைமியோ தனியே பயணம் செய்வதில்லை. காகா நாட்டுத் தலைவரின் அணிவகுப்பில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சென்றதுண்டு. அவரோடு போன சிறிய சாமுராய்கள் தம் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, எதோவில் வரிசை வீடுகளில் ஓர் அறையில் மூன்று நான்கு பேராகத் தங்கினார்கள். சகாய் பன்ஷிரோ என்பவர் வகயாமாவிலிருந்து 1860இல் இவ்வாறு எதோவுக்கு வந்தவர். சடங்கு உடைகளை அணியும் முறை பற்றிய பணி அவருக்கு. ஊரில் மனைவியும் பெண் குழந்தையும் இருந்தனர். அவரும் உடனிருந்தோரும் முறைவைத்துச் சோறு சமைத்தார்கள். காய்கறி என்ன விலை, மீன் என்ன விலை, என்ன சமைத்தோம், எங்கே வேடிக்கை பார்க்கப் போனோம் என்று நாள்தோறும் எழுதினார். தாம் வைத்த பதார்த்தத்தை உடனிருந்த சிற்றப்பா எடுத்துத் தின்றுவிட்டதையும் எழுதினார்.

அதைப் படித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தில்லிக்கு வந்த புதிதில் கரோல்பாக் பக்கம் நால்வராகத் தங்கியிருந்த மாடி அறை நினைவுக்கு வந்தது. ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பில் ரசம் வைப்பார். ஒருவர் பாத்திரம் துலக்குவார். ஒருவர் சுவரில் தொங்கிய நோட்டில் செலவு எழுதுவார். ஊரிலிருந்து வந்த ஊறுகாய் யாருடையது என்பதில் எங்களுக்குள்ளும் வழக்குகள் நடந்ததுண்டு. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களில் பலரின் வாழ்விலும் அப்படி ஓர் அறை இருந்திருக்கும்.

காகா நாட்டுக் கதை இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இசோதா மிச்சிபுமி என்ற வரலாற்றறிஞர் தோக்கியோவின் பழைய புத்தகக் கடை ஒன்றிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களைப் பெற்றார். அவை இனொயாமா என்ற சாமுராய்க் குடும்பத்தின் வீட்டுக் கணக்கேடுகள். 1842 முதல் 1879 வரை முப்பத்தேழு ஆண்டுக் கணக்கு. 2003இல் இதைக் கொண்டு அவர் எழுதிய நூல் ஜப்பானில் பெரும் வரவேற்புப் பெற்றது. 2010இல் திரைப்படமாகவும் வந்தது. இனொயாமா குடும்பத்தாரின் பரம்பரைத் தொழில் காகா அரசின் கணக்கு எழுதுவது. நாட்டின் கணக்கை நேராக வைத்தவர்களின் வீட்டிலேயே கடன், ஆண்டு வருமானத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஏறிவிட்டது.

கடன் எப்படி வந்தது? குடித்தோ சூதாடியோ அன்று. உறவினர் வீட்டுச் சடங்குகளுக்குச் செய்யும் சீர், அன்பளிப்பு, மூதாதையர் வழிபாடு, தகுதிக்கேற்ப வைத்திருக்க வேண்டிய ஏவலாளின் கூலி முதலிய செலவுகளே காரணம். சாமுராயாக இருப்பதற்கே ஒரு விலை இருந்தது; அது வருமானத்தைத் தின்றது. மொய் நோட்டும் சீர்வரிசையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1842இல் இனொயாமா நவொயுகி ஒரு முடிவுக்கு வந்தார். உடைகள், தேநீர்க் கலங்கள், வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார். மீதியை வட்டியின்றித் தவணையில் கட்டக் கடன் கொடுத்தவர்களை இசைவித்தார். அன்றுமுதல் ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தார். வீட்டில் குழந்தைக்கு ஒரு சடங்கு வந்தது. மங்கல விருந்தில் முழுமீன் ஒன்று வைப்பது வழக்கம், வாங்க வழியில்லை. காகிதத்தில் மீனை வரைந்து வைத்துச் சடங்கை நடத்தினார்கள்.

அந்தக் காகித மீனைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மகனின் பேரரசில் மானத்துக்குப் புள்ளி உண்டு. ஆனால் அந்த மானம் வாளால் மட்டுமே ஏறும். உறவினர் பார்த்திருக்க, காகித மீனைத் தட்டில் வைத்து, கடனைக் கடைசிக் காசுவரை தீர்ப்பேன் என்று நிமிர்ந்து அமர்ந்திருந்த மனிதருக்கு எத்தனை புள்ளி கொடுப்பது?

அந்த அரிசியை விளைவித்தவர்களை மறப்பதும் முறையன்று. விளைச்சலில் ஏறத்தாழப் பாதி வரியாகப் போன இடங்கள் பல. 1780களில் வந்த பெரும் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். உழவர்களுக்கு வாள் இல்லை. 1588இலேயே ஆட்சியாளர் ஹிதெயோஷி அவற்றைப் பறிமுதல் செய்துவிட்டார். அவர்கள் ஏந்தியது மனு. கூடி மனுக் கொடுப்பது குற்றம். தலைமை தாங்கியவனுக்கு மரண தண்டனையும் உண்டு. எனவே உழவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். கையொப்பங்களை மேலிருந்து கீழாக இடாமல், விரித்த குடையின் கம்பிகளைப் போல வட்டமாக இட்டார்கள். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. முதலில் ஒப்பமிட்டவன் யாரென்று எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது. மனுக்களைப் பிரித்துப் பதிவெண் இடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு மனுவின் வடிவத்திலேயே இத்தனை துணிவும் இத்தனை அறிவும் அடங்கக்கூடும் என்பது புதிய செய்தி.

எல்லாம் ஒருநாள் முடிந்தது. 1867இல் கடைசி ஷோகன் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்தார். 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் பரம்பரை ஊதியமும் கடன் பத்திரமாக மாற்றி முடிக்கப்பட்டது. வாளைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் தெருவில் நின்றார்கள். இனொயாமாவின் மகனோ, தந்தை கற்பித்த மணிச்சட்டக் கணக்கின் வலிமையால் புதிய அரசின் கடற்படைக் கணக்குத் துறையில் பணி பெற்று, குடும்பத்தைத் தாங்கினார். எந்தத் திறமையைப் பழைய நாட்டில் கீழானதென்று எண்ணினார்களோ, அதுவே புதிய நாட்டுக்குள் நுழையும் சீட்டாயிற்று.

இவற்றையெல்லாம் மகனுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்தேன். இரவு உணவின்போது கொஞ்சம், மின்வெட்டின்போது கொஞ்சம். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டான். கதையாகச் சொன்னதால் கேட்டான். பின்னொரு ஞாயிறு, அவர்கள் பேரரசில் ஒரு களஞ்சியக் கணக்கர் தோன்றினார். வடக்குக் கோட்டைக்குப் போன அரிசி ஏட்டில் ஒன்றும் களஞ்சியத்தில் ஒன்றுமாக இருப்பதை அவர் கண்டுபிடிக்கிறார். மலையில் இருப்பவை பேய்களே அல்ல. பசிக்கு அஞ்சி ஓடிப்போன உழவர்கள்! அரிசியைத் தின்றவர் படைத்தலைவர். அன்று விளையாட்டு இரவு ஒன்பது மணிவரை நீண்டது. பஞ்சாபிப் பெண்ணின் தாயார் இருமுறை தொலைபேசியில் அழைக்க வேண்டியதாயிற்று. இதுவரை நடந்ததிலேயே இதுதான் சிறந்த ஆட்டம் என்று வங்காளிப் பையன் சொல்லிவிட்டுப் போனான்.

நான் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த படி. அயல்நாட்டார் ஜப்பானைக் கொண்டு செய்ததை, நம் பிள்ளைகள் நம் ஊரைக் கொண்டு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தில்லியிலும் கான்பூரிலும் நாகபுரியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ்நாடு என்பது என்ன? கோடை விடுமுறையில் பத்து நாள். ரயில் சன்னலில் பச்சை வயல். திரையில் யானைமேல் வரும் சோழ மன்னர். சங்கத்து ஆண்டு விழாவில் அட்டை வாளோடு ஒரு நாடகம். மற்றதையெல்லாம் கடல் சூழ்ந்திருக்கிறது. நம் சொந்த ஊரே அவர்களுக்கு ஒரு கற்பனைத் தீவாகி வருகிறது. அதில் மன்னர் உண்டு, வாள் உண்டு, மானம் உண்டு. நெல் அளந்தவரும் கணக்கு எழுதியவரும் கடன் பட்டவரும் இல்லை.

அதே சோழர் விட்டுச்சென்றவற்றைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் வெட்டுவித்தது போர்ப்புகழ் மட்டுமன்று. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கு, நட்டுவர், குயவர், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் ஆகியோருக்கு உரிய பங்கு என யாவும் கல்லில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஊதியப் பட்டியலைக் காணும்போது, யானைமேல் மன்னனைக் கண்டதைவிட எனக்கு அந்த நாடு மெய்யாகத் தெரிகிறது.

நன்னிலத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர் என் தந்தை. அவர் காலமான பின் அவருடைய தகரப் பெட்டியை நான் தில்லிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டுகள் சில உண்டு. இந்த ஆண்டு மகன் அவற்றை எடுத்துப் புரட்டினான். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நான் வேலைக்காகத் தில்லி புறப்பட்ட மாதத்தின் பக்கம் வந்தது. ரயில் கட்டணம், பெட்டி, பூட்டு, கம்பளிச் சட்டை, வழிச் செலவு என்று வரிசையாக எழுதி, கீழே 'ஆலையில் முன்பணம்' என்று ஒரு தொகையை எழுதியிருந்தார். அடுத்த பதினான்கு மாதங்களிலும் அந்த முன்பணத்துக்கான பிடித்தம் இருந்தது. எனக்கு அவர் அதைச் சொன்னதே இல்லை. நான் ஊருக்குப் பணம் அனுப்பத் தொடங்கிய பிறகும், அதிலிருந்து எடுக்காமல், தம் கூலியிலிருந்தே அதைத் தீர்த்திருக்கிறார்.

மகன் விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டு எண்ணினான். "பதினாலு மாசம்பா" என்றான். பிறகு, "தாத்தா எந்தத் தெருவுல இருந்தார்? அந்த ஆலை இப்பவும் இருக்கா?" என்று கேட்டான். அவன் நம் ஊரைப் பற்றித் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என நினைக்கிறேன். கோபுரங்களையும் கோட்டைகளையும் காட்டியபோது அவன் கேட்டதில்லை.

பிள்ளைகள் கற்பனை நாடுகளைப் படைக்கட்டும். அதை நான் தடுக்கமாட்டேன். வாள் ஏந்திய வீரனைக் கண்டு மயங்காத இளமை எங்கும் இல்லை. ஆயினும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும்போது வெள்ளி விளக்கையும் பட்டுச் சேலையையும் கொண்டுவருகிறோம். பரணில் கிடக்கும் பழைய கணக்கு நோட்டு, அடகுச் சீட்டு, ரேஷன் அட்டை, கடிதக் கட்டு ஆகியவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறோம். அவற்றில் ஒன்றையாவது காப்பாற்றுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அருகில் அமர்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். இன்ன தேதியில் இன்ன செலவு, இன்னாரிடம் கடன், இன்ன மாதத்தில் தீர்ந்தது என்று கேட்டு வளரும் பிள்ளை தன் ஊரை அறிந்தவனாக வளர்வான் என்பது என் துணிபு.